என் முதுகுக்குப் பின்னால் வந்த பூநாரைகள்

பேய், பிசாசு, காத்துக் கருப்புன்னு எவனாவது என் முன்னாடி ஆரம்பிச்சா, போய் வேலையப் பாருலேன்னு சொல்லிட்டு எந்திரிச்சுப் போற ஆளு நான். திண்டுக்கல்லுல என்னைத் தெரிஞ்சவுக யாரையும் கேட்டுப் பாருங்க. நாலாம் வகுப்போட பள்ளிக்கூடத்துக்கு ஒரு கும்புடு போட்டுட்டு பஸ்ஸு கழுவ வந்தவன், வேடசந்தூர்ப் பக்கம் மில்லுக்கு ஆளு ஏத்துற பஸ்ஸுல படியில தொங்கிக்கிட்டே போனவன், இன்னைக்கு அதே ரோட்டுல என் பேரு எழுதுன பஸ்ஸு வரிசையாப் போகுது. எவன் தயவுலயும் வந்ததில்ல. நடுச்சாமத்துல சுடுகாட்டு ரோட்டுல தனியா வண்டி ஓட்டிருக்கேன், ஒரு நாய்கூட என்னைப் பாத்துக் கொரைச்சதில்ல. அப்பேர்ப்பட்டவன் இதை எழுதுறேன். நம்புனா நம்புங்க, நம்பலேன்னா என் எழுத்துல இருக்கிற தப்போட இதையும் ஒரு தப்பாச் சேத்துக்கங்க. ஒண்ணு மட்டும் சொல்லிர்றேன், இது ராத்திரி நடந்தது இல்ல. பட்டப்பகல்ல, தலைக்கு நேரா வெயில் ஏறிக்கிட்டு இருக்கையில நடந்தது.

சவரிமுத்துன்னு எனக்கு ஒரு மச்சான். என் வீட்டுக்காரிக்கு அண்ணன், திண்டுக்கல் பக்கத்துல அகரத்துல பூ வெள்ளாமை, மல்லியும் பட்டன் ரோசும். எங்க ரெண்டு பேருக்கும் வயசு ஒண்ணுதான், அதனால நீ வா போன்னுதான் பேச்சு. மில்லுக்கு ஞாயித்துக்கிழமை லீவு, வண்டியெல்லாம் செட்டுல சும்மா நிக்கும், சும்மா நிக்கிற வண்டியப் பாத்தா எனக்கு வயிறு எரியும். அதனால சனிக்கிழமை சாயங்காலம் ஒரு வேனை எடுத்துக்கிட்டு சொந்தக்காரங்கள அள்ளிப் போட்டுக்கிட்டு கடக்கரைப் பக்கம் போயிருவேன். எந்த ஊருல கோயில் திருவிழாவோ அங்க ராத்திரி தேரு பாக்குறது, ஞாயித்துக்கிழமை பக்கத்துல பறவை, மானு, அலையாத்திக் காடுன்னு எது இருக்கோ அதைப் பாத்துட்டுத் திரும்புறது. வேளாங்கண்ணி, மணப்பாடு, காரங்காடு, தனுஷ்கோடின்னு நான் காட்டாத கடக்கரை இல்ல. எல்லாரும் வந்துட்டாக, மச்சான் மட்டும் ஒருக்காக்கூட வந்ததில்ல. கூப்பிட்டா ஒரே பதிலுதான்.

"மில்லுக்கு லீவு உண்டு மாப்ள. மல்லிகைக்கு ஏது லீவு? விடியிறதுக்குள்ள பறிக்கலேன்னா விரிஞ்சு போகும், விரிஞ்ச பூவ நீயா வாங்குவ?"

உண்மைதான், பூக்காரன் வீட்டுல ஞாயித்துக்கிழமையே கெடையாது.

அப்புறம் அவன் கண்ணு போக ஆரம்பிச்சது. கண்ணுல பிரஷர்னு மதுரையில டாக்டர் சொன்னாரு. சுத்துப்பக்கம் இருந்து இருட்டிக்கிட்டே வந்து, நடுவுல ஒரு குழாய் வழியாப் பாக்குற மாதிரி கொஞ்சம் மிச்சம் இருந்துச்சு, அதுலயும் பனி மூடுன மாதிரி. போன பார்வை திரும்பாது, மிச்சம் இருக்கிறதும் எம்புட்டு நாளைக்குன்னு சொல்ல முடியாது, லேட்டா வந்துட்டீங்கன்னுட்டாரு. வெளிய வந்து டீ குடிக்கையில மச்சான் சிரிக்கிறான்.

"இப்பப் பூ பறிக்க முடியாதுல்ல மாப்ள. எனக்கும் லீவு விட்டுட்டாக. இனி உன் வேன்ல வாரேன்."

நான் டீ கிளாஸக் கீழ வச்சுட்டேன்.

எங்க போகணும் சொல்லுன்னேன். பேத்தி போன்ல என்னமோ காட்டுனாளாம், கோடியக்கரைப் பக்கம் பூநாரைன்னு ஒரு பறவை, ரோசாப்பூ நெறத்துல, தண்ணி தெரியாத அளவுக்குக் கூட்டமா நிக்குமாம். "நாப்பது வருஷமா அந்த நெறத்தப் பறிச்சுக் கூடையில போட்டவன் மாப்ள நானு. அது சிறகு மொளைச்சுப் பறக்கும்னா ஒருக்காப் பாத்துட்டா போதும், அப்புறம் விளக்க அணைக்கிறவன் அணைச்சுக்கட்டும்"னான்.

"நான் காட்டுறேன் மச்சான். நான் கூட்டிட்டுப் போய்க் காட்டாம வந்த எடம்னு ஒண்ணு உண்டா?"ன்னேன். இப்படித்தான் என் வாயி எப்பவும் பேசும்.

என்கிட்ட ரீகன்னு ஒரு டிரைவரு. அவன் சொந்த ஊரு வேதாரண்யத்துக்கு இந்தப் பக்கம் ஒரு மீன்பிடிக் கிராமம், பேரு வேண்டாம். தை மாசம் கடைசியில அங்க மாதா கோயில் திருவிழா, ஊரு முடிஞ்சா உப்பளம், உப்பளம் முடிஞ்சா பறவை நிக்கிற சதுப்பு. திருவிழாவும் ஆச்சு, பறவையும் ஆச்சுன்னு கெளம்பிட்டோம், நாங்க ரெண்டு பேரு, ரீகன், வேற ஆளு வேண்டாம்னுட்டேன். மச்சான் தேருக்குச் சாத்த ஒரு கூடை ரோசு ஈரச்சாக்கு போட்டு மூடி மடியிலயே வச்சுக்கிட்டு வந்தான். நான் என்ன குடுத்தேன்னா, வேட்டு. ஆமா, கொடியிறக்கத்துக்குப் போடுற அதிர்வேட்டு மொத்தமும் என் உபயம். முன்னாடி வாரமே கமிட்டிக்காரங்ககிட்ட பேசி ஏற்பாடு பண்ணிட்டேன். மைக்குல 'திண்டுக்கல் தொழிலதிபர்'னு என் பேரைச் சொல்லச் சொல்ல எனக்கு நெஞ்சு பொடைச்சுக்கிட்டு வந்துச்சு. ரீகன் மட்டும் காதோரமா வந்து சொன்னான்.

"மொதலாளி, பக்கத்துலயே பறவை இருக்கு. வேட்டைக் கொஞ்சம் கொறைச்சுக்கிரலாமா?"

"ஏலே, கொறைக்கிறதுக்கா திண்டுக்கல்லுல இருந்து வந்தேன்? நாகப்பட்டினத்துல கேக்கணும் சத்தம்"னேன். சம்பளம் வாங்குறவன் ஒருதரம்தான் சொல்லுவான்.

ராத்திரி தேரு சுத்தி வந்துச்சு, மச்சான் தேரு வெளிச்சத்தப் பாத்தான், வெளிச்சம் மட்டும் அவனுக்கு நல்லாத் தெரியும். விடிகாலம் பூசை முடிஞ்சு கொடி எறக்கையில என் வேட்டு வெடிச்சது. சொன்னா நம்பமாட்டீக, கோயில் ஜன்னல் கண்ணாடியெல்லாம் ஆடுச்சு. ஊரே காதைப் பொத்துச்சு. நான் இடுப்புல கைய வச்சுக்கிட்டு நிக்கிறேன். மச்சான் கோயில் படியில ஒக்காந்து தலையத் தூக்கி வானத்தப் பாத்துக்கிட்டு இருந்தான்.

"என்ன மச்சான், மேல பாக்குற?"

"ஒண்ணுமில்ல மாப்ள. என்னமோ காத்து வீசுன மாதிரி இருந்துச்சு."

காத்தா? ஒரு எலகூட ஆடல. நானும் அதை அப்பப் பெருசா எடுத்துக்கல.

கோயில்ல அசனம்னு ஊருக்கே சோறு போட்டாக, சாப்புட்டுட்டு வேனை எடுத்தோம். உப்பளத்து வரப்பு ஓரமா நிறுத்திட்டு, மச்சானை ரீகன்கிட்ட விட்டுட்டு, தோதான எடம் பாக்க நான் மட்டும் முன்னாடி போனேன். கண்ணுக்கு எட்டுன மட்டும் தண்ணி, கணுக்கால் அளவுதான் இருக்கும், வெயில்ல தகரம் மாதிரி மின்னுது. பூநாரையும் இல்ல, ஒரு கொக்குகூட இல்ல. உப்பு வாரிக்கிட்டு இருந்த ஒரு அம்மாகிட்டக் கேட்டேன்.

"நேத்து வந்திருக்கக் கூடாதாய்யா? ராத்திரி பூரா இங்கதான் நின்னுச்சுங்க. விடியக்காலம் எந்தப் பாவியோ கோயில்ல வேட்டு போட்டான், அம்புட்டும் ஒண்ணா எந்திரிச்சுப் போயிருச்சு. இனி எங்க எறங்குமோ, எப்ப வருமோ."

அந்தப் பாவி அவ முன்னாடி வெள்ளை வேட்டி சட்டையோட நின்னுக்கிட்டு இருக்கான்னு அவளுக்குத் தெரியாது.

நான் நின்ன நிலை இருக்கே, என் வாழ்க்கையில அப்படி நின்னதில்ல. எத்தனையோ நட்டம் பாத்திருக்கேன், பஸ்ஸு எரிஞ்சதைப் பாத்திருக்கேன், அதெல்லாம் திரும்பச் சம்பாதிச்சுட்டேன். இவன் கண்ணை எங்க போய்ச் சம்பாதிக்கிறது? அடுத்த சீசனுக்குக் கூட்டிட்டு வாரேன்னு சொல்லலாமா? அடுத்த சீசனுக்கு அவனுக்கு வெளிச்சம் இருக்குமா? நான் இப்படி யோசிச்சுக்கிட்டு நிக்கையில ரீகன் அவனைக் கையப் பிடிச்சு வரப்பு மேல கூட்டியாந்துட்டான். என் மூஞ்சியப் பாத்ததும் ரீகனுக்கு விளங்கிருச்சு, தலையக் குனிஞ்சுக்கிட்டு வேனுக்குத் திரும்பிட்டான்.

"எங்க மாப்ள?" மச்சான் குரல் சின்னப்பய குரல் மாதிரி இருந்துச்சு. "எங்கிட்டு நிக்குது?"

நான் அவன் கையப் பிடிச்சு வரப்புல இருந்து ஈரச்சேத்துக்கு எறக்கினேன். தண்ணிக்குச் செத்த முன்னாடி நிறுத்தினேன். அவன் தண்ணியப் பாத்து நிக்கிறான். நான் அவனுக்கு நேரா, தண்ணிக்கு முதுகக் காட்டிக்கிட்டு நின்னேன். ஏன் அப்படி நின்னேன்னா, நான் சொல்லப்போற பொய்யை அவன் நம்புறானான்னு அவன் மூஞ்சியில பாக்கணும்ல.

"அந்தா நிக்குது பாரு மச்சான்"னேன். "உன் தோட்டத்த யாரோ தூக்கியாந்து தண்ணிக்குள்ள நட்ட மாதிரி இருக்கு. ஒத்தக் கால்ல நிக்குது. கழுத்த வளைச்சு தலையத் தண்ணிக்குள்ள விட்டு மேயுது. அந்தக் கோடி வரைக்கும் ரோசு மச்சான், ரோசு."

படிக்காதவன்தான், ஆனா அன்னைக்கு எங்கிருந்து வந்துச்சோ, பேசிக்கிட்டே போனேன். அவன் கண்ணைச் சுருக்கித் தலையச் சாச்சு அந்தக் குழாய்ப் பார்வையில தேடுறான். அப்புறம் மெதுவா அவன் மூஞ்சி மாறுச்சு. ராத்திரி தேரு திரும்பி அவன் முன்னாடி வரும்போது இருந்த மாதிரி ஒரு வெளிச்சம். நம்பிட்டான்டா சாமின்னு மூச்சு விட்டேன்.

"அம்புட்டு ரோசுக்கு நடுவுல ஒண்ணு ரெண்டு சாம்பக் கலர்ல நிக்குதே மாப்ள, அது என்ன, குஞ்சா?"

நான் சாம்பக் கலர்னு சொல்லவே இல்ல. போன்ல பாத்திருப்பான், இல்லாட்டிப் பனி மூடுன கண்ணு என்னமோ காட்டுதுன்னு நெனச்சேன். "ஆமா ஆமா, குஞ்சுதான்"னேன். பூநாரைக் குஞ்சு சாம்பல் நெறத்துலதான் இருக்கும்னு எனக்கு அப்பத் தெரியாது, பின்னாடி ரீகன் சொல்லித்தான் தெரியும்.

"கிட்ட வருது மாப்ள"ன்னான் மச்சான். அவன் சட்டைக் காலரு ஆடுச்சு. என் சட்டை ஆடல. தாரா வாத்து கத்துற மாதிரி ஒரு சத்தம் எங்கயோ தூரத்துல கேட்ட மாதிரி எனக்கே இருந்துச்சு, உப்பளத்துல எதுவோ மிஷினு ஓடுதுன்னு நெனச்சுக்கிட்டேன். இம்புட்டு நடந்தும் எனக்குத் திரும்பிப் பாக்கணும்னு தோணல. திரும்பினா அங்க வெறும் தண்ணிதான் இருக்கும், அதைப் பாத்துட்டா எனக்கு மேக்கொண்டு பொய்யி வராதுன்னு பயம்.

அப்ப மச்சான் கைய நீட்டி என் தோளத் தொட்டு ஓரமாத் தள்ளுற மாதிரி பண்ணினான்.

"செத்த ஒதுங்கு மாப்ள. வழி விடு. உன்னால அது தயங்குது."

சிரிப்பா வந்துச்சு எனக்கு, அழுகையும் வந்துச்சு. சரி, விளையாட்டுன்னா விளையாட்டுன்னு ரெண்டு எட்டு ஒதுங்கினேன். அவன் தலையக் குனிஞ்சு, என்னமோ அவனைத் தாண்டிப் போறதைப் பாக்குற மாதிரி, அவன் காலுக்கும் என் காலுக்கும் நடுவுல பாத்துக்கிட்டே நின்னான். மூச்சுகூட விடல. கடைசியில, "போதும் மாப்ள, போகலாம்"னான். கன்னமெல்லாம் ஈரம்.

அவனை வரப்பு மேல ஏத்தி விட்டுட்டு, தோள்ல இருந்து நழுவிச் சேத்துல விழுந்த துண்டை எடுக்கத் திரும்பினேன். அப்பத்தான் தண்ணியப் பாத்தேன். ஒண்ணுமில்ல, அப்படியே தகரம் மாதிரி கெடக்கு. அப்புறம் சேத்தப் பாத்தேன்.

தடம். மூணு விரலு, நடுவுல தோலு ஒட்டுன தடம், என் உள்ளங்கை அகலத்துக்கு. தண்ணியில இருந்து ஏறி, நாங்க ரெண்டு பேரும் நின்ன எடத்துக்கு நடுவுல போய், மறுபடி தண்ணிக்குள்ள எறங்கி இருக்கு. ராத்திரி நின்ன பறவைங்க தடம்தானேன்னு நீங்க கேப்பீக. நானும் அப்படித்தான் என்னையே கேட்டேன். ஆனா நான் மொதல்ல நின்ன எடத்துல, ஒதுங்குறதுக்கு முன்னாடி நின்ன எடத்துல, என் செருப்புத் தடம் பதிஞ்சு கெடக்கு. அந்தச் செருப்புத் தடத்துக்கு மேல பதிஞ்சிருக்கு அது விரலு. என் செருப்பு வச்ச கோடு நசுங்கி, மேல மூணு விரலு. நான் ஒதுங்குனதுக்குப் பெறகுதான் அது அங்க கால் வச்சிருக்கணும். நான் பாத்துக்கிட்டு நின்னேன்யா அந்த எடத்த. என் கண்ணுக்கு ஒரு கொறையும் இல்ல, இன்னைக்கும் கண்ணாடி போடாம பஸ்ஸு போர்டு படிப்பேன்.

ரீகனைக் கூப்பிட்டுக் காட்டலாம்னு நெனச்சேன், கூப்பிடாம துண்டை எடுத்துக்கிட்டு வரப்பு ஏறிட்டேன்.

வேன்ல திரும்பி வாரோம். தஞ்சாவூரு தாண்டுற வரைக்கும் மச்சான் தூங்கிட்டான்னு நெனச்சேன். கண்ண மூடிக்கிட்டே கேட்டான்.

"ஒண்ணு கேக்கணும் மாப்ள. அம்புட்டு அழகு முதுகுக்குப் பின்னால வந்து நிக்கிது. நீ ஏன் ஒருக்காக்கூடத் திரும்பல? என் மூஞ்சியவே பாத்துக்கிட்டு இருந்தியே."

"நான் பாக்காததா, நீ பாரு"ன்னு சொல்லி மழுப்பிட்டேன்.

அந்தக் கோடைக்குள்ள அவன் பார்வை மொத்தமும் போயிருச்சு. அகரத்துல வாரவன் போறவன்கிட்டயெல்லாம், "என் மாப்ள சொன்னபடி காட்டுனான்லே, இந்தக் கண்ணுல கடைசியாப் பாத்தது அதுதான்"னு சொல்லிக்கிட்டே இருந்தான். சனம் என்னைப் பாத்தா, பெரிய மனுசன்யான்னு கும்புடும். ஊருல எவன் புகழ்ந்தாலும் கூச்சப்படாம வாங்கிக்கிற ஆளு நான், இந்தப் புகழ்ச்சி மட்டும் முள்ளு மாதிரி குத்துச்சு. பொறுக்கமாட்டாம ஒருநா அவன் ரோசுத் தோட்டத்து மோட்டார் ரூமு பக்கத்துல ஒக்காந்து சொல்லிட்டேன்.

"மச்சான், அன்னைக்கு அங்க ஒண்ணுமே இல்ல. என் வேட்டுச் சத்தத்துக்கு விடியவே எல்லாம் பறந்துருச்சு. நான் வாயில வந்ததச் சொன்னேன். என்னை மன்னிச்சுரு."

அவன் கோவிச்சுக்குவான், இல்லாட்டி அழுவான்னு நெனச்சேன். சிரிக்கிறான்.

"எனக்குத் தெரியும் மாப்ள. கோயில் படியில ஒக்காந்திருக்கையில தலைக்கு மேல அம்புட்டுச் சிறகும் போன சத்தம் எனக்குக் கேட்டுச்சு. காத்துன்னு சொன்னேன், நீ நம்பிட்ட."

"தெரிஞ்சுமா உப்பளத்துக்கு வந்த?"

"நீ காட்டுறேன்னு சொல்லியிருந்தேல்ல. உன் மூஞ்சி வாடிறக் கூடாதுல்ல."

அந்தச் சேத்துத் தடம் ஞாபகம் வந்துச்சு. பெறகுதான் கேட்டேன்.

"அப்ப சேத்துல நடந்து வந்தது என்னது மச்சான்?"

"அது எனக்கு என்ன தெரியும்? நீ கூப்பிட்ட, வந்துச்சு. எல்லாம் என்னைப் பாத்துட்டுத் தண்ணிக்குத் திரும்பிருச்சு. ஒண்ணு மட்டும் போகல மாப்ள. நீ ஒதுங்குனப்பவும் உன் கூடவே ஒதுங்கி, உன் முதுகுக்குப் பின்னாலயே நின்னுச்சு. நாம கெளம்புற வரைக்கும் நின்னுச்சு. நீ திரும்புவ திரும்புவன்னு நானும் பாத்தேன்."

ஒரு விஷயம் நான் அவன்கிட்டயும் சொல்லல, என் வீட்டுக்காரிகிட்டயும் சொல்லல, இப்பத்தான் எழுதுறேன். அந்தச் சேத்துல, நடுவுல போய்த் திரும்புன தடம்போக, தனியா ஒரு வரிசை இருந்துச்சு. தண்ணியில இருந்து நேரா வந்து, நான் ஒதுங்கி நின்ன எடத்துக்குப் பின்னால, ஒரு சாண் தள்ளி, ரெண்டு காலும் சேத்து வச்சு நின்னிருக்கு. வந்த தடம் இருந்துச்சு. போன தடம் இல்ல.

அடுத்த சீசனுக்கு நான் மட்டும் போனேன். வேட்டு இல்ல, வேன்ல ஆரன்கூட அடிக்கவிடல. பூநாரை நின்னுச்சுய்யா, மச்சான் சொன்ன மாதிரியே, சாம்பக் குஞ்சோட, கண்ணு நெறைய. சாயந்தரம் வரைக்கும் நேரா அதைப் பாத்துக்கிட்டே நின்னேன். ஒண்ணுகூட என் பக்கம் வரல. பாக்க வேண்டியவன் அகரத்துல இருட்டுக்குள்ள ஒக்காந்திருக்கான், அவன் இல்லாம எனக்கு அது வெறும் பறவையாத்தான் தெரிஞ்சுச்சு.

இப்பவும் தெனம் காலையில செட்டுல பஸ்ஸு கழுவுவாக. தரையெல்லாம் ஈரமா இருக்கும், நான் நடுவுல நின்னு டிரைவருகள அதட்டிக்கிட்டு இருப்பேன். சில நா பேச்சு நடுவுல பிடரிக்கிட்ட காத்து அசையிற மாதிரி இருக்கும். வார்த்தைய அப்படியே விட்டுட்டு வெடுக்குன்னு திரும்புவேன். மொதலாளிக்கு என்னமோ ஆயிருச்சுன்னு பயலுக சிரிக்கிறது எனக்குக் கேக்கும். அங்க ஈரத் தரைதான் இருக்கும், வேற ஒண்ணும் இருக்காது. ஆனாலும் திரும்பிக்கிட்டேதான் இருக்கேன். அன்னைக்கு ஒருக்காத் திரும்பிருக்கலாம்.